நெகட்டிவும் தாத்தாவின் திருநீறும்

“ஏண்டா, நம்ம வம்சத்துல யாருக்குடா செம்பட்டை முடி?”

அத்தை வாட்ஸாப்பில் குரல் பதிவாக அனுப்பிய கேள்வி. அதற்கு மேலே நான் அனுப்பியிருந்த படம். 1986 வைகாசி, மாயவரத்தில் எங்கள் வீட்டு வாசலில் போட்ட கீற்றுப் பந்தல். நடுவில் மாலையும் கழுத்துமாக அத்தையும் மாமாவும். பக்கத்தில் பட்டை பட்டையாகத் திருநீறு பூசிய தாத்தா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்ட பாட்டி, ஓரத்தில் டவுசர் போட்ட நான். அத்தனை பேர் தலையும் மருதாணி அரைத்து அப்பியதுபோல் சிவந்து கிடந்தது. தாத்தாவின் வேட்டி பாசி பிடித்த குளத்துத் தண்ணீர் நிறம். மென்பொருளில் ஒரு பொத்தானை அமுக்கி நெகட்டிவைப் பாசிட்டிவாக்கி, பெருமையோடு அனுப்பி வைத்திருந்தேன்.

மாமாவுக்கு அறுபது முடிகிறது. மணிவிழா மண்டபத்து வாசலில் அந்தக் காலத்துப் படங்களைப் பெரிதாகப் போட்டு வைக்க வேண்டும் என்பது அத்தை மகளின் ஆசை. கேட்டது ஆறு படம், இருந்தது மூன்று வாரம். ஸ்கேன் செய்து கலரைச் சரிபண்ணுவதுதானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று தலையாட்டிவிட்டேன். அத்தையின் கேள்விக்குப் பதில் தேடவே இரண்டு ஞாயிறு போயிற்று.

நெகட்டிவ்கள் அப்பாவின் பிஸ்கட் டப்பாவில் இருந்தன. துண்டு துண்டாக வெட்டி, ஸ்டுடியோ கொடுத்த பட்டர் பேப்பர் உறைகளில் போட்டு, மேலே பென்சிலால் தேதி எழுதி, நடுவே இரண்டு பாச்சா உருண்டை. அப்பா ஒழுங்கானவர். ஆனால் டப்பா இருந்த இடம் ஓட்டு வீட்டுப் பரண். அங்கே சித்திரை வெக்கையும் ஐப்பசி ஈரமும் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் மாறி மாறிக் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. ஃபிலிமில் இருப்பது சாயம். அதுவும் ஜெலட்டினில் ஊறிய சாயம். சூடும் ஈரமும் சேர்ந்தால் சேலைச் சாயம் மாதிரி அதுவும் வெளுக்கும்.

பழைய பிரிண்ட் இருக்கிறதே, அதைப் பார்த்து நிறம் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே நெகட்டிவிலிருந்து அன்றைக்குப் போட்ட இரண்டு பிரிண்ட் எங்கள் குடும்பத்தில் உண்டு. ஒன்று அத்தை வீட்டு ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்தது, இன்னொன்று எங்கள் கூடத்தில் சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிரே தொங்கியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். ஆல்பத்தில் இருந்தது செங்கல் தூள் தூவியதுபோல் சிவந்திருந்தது. சுவரில் இருந்தது நீலம் பாரித்து வெளிறிப் போயிருந்தது. அந்தக் காலத்துக் கலர் பேப்பரில் இருட்டில் முதலில் தளர்வது சயான் என்ற பச்சை நீலச் சாயம், வெளிச்சத்தில் முதலில் சாவது மஜெண்டா என்ற ஊதா கலந்த சிவப்பு. சாட்சிகள் இரண்டு பேரும் பிறழ்சாட்சி. நெகட்டிவைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

கலர் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், படத்தில் கறுப்பும் வெளுப்பும் தலைகீழாக இருப்பது மட்டும் இல்லை. மேலே பால் விடாத டீ நிறத்தில் ஒரு திரை இருக்கும். ஃபிலிம் பழசாகிப் பழுப்பேறிவிட்டது என்றே பல பேர் நினைக்கிறார்கள். அது கம்பெனி வேண்டுமென்றே போட்டு அனுப்பிய நிறம்.

கலர் நெகட்டிவில் மூன்று சாயம்: சயான், மஜெண்டா, மஞ்சள். சயான் சிவப்பு ஒளியை மட்டும் தடுக்க வேண்டும், மஜெண்டா பச்சையை மட்டும், மஞ்சள் நீலத்தை மட்டும். காகிதத்தில் அப்படி. நிஜத்தில் மஜெண்டா தன் வேலையான பச்சையைத் தடுப்பதோடு கொஞ்சம் நீலத்தையும் திருடும். சயானும் பச்சை, நீலம் இரண்டிலும் கை வைக்கும். திருட்டு எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் பரவாயில்லை, மஜெண்டா அதிகம் உருவான இடத்தில் அதிகம், குறைந்த இடத்தில் குறைவு. அதனால் நிறங்கள் அழுக்காகின்றன.

கோடக் நிறுவனத்தின் வெஸ்லி ஹான்சன் 1940-களில் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் அபாரமானது. மஜெண்டா சாயத்தை உண்டாக்கும் வேதிப்பொருளுக்கே முன்கூட்டி மஞ்சள் நிறம் கொடுத்துவிட்டார். எங்கே மஜெண்டா உருவாகிறதோ அங்கே அந்த மஞ்சள் செலவாகித் தீரும். எங்கே உருவாகவில்லையோ அங்கே மஞ்சள் அப்படியே நிற்கும். மஜெண்டா திருடும் நீலமும், மிச்ச மஞ்சள் தடுக்கும் நீலமும் சேர்ந்து, ஃபிலிம் முழுக்க ஒரே அளவாகிவிடும். சயானுக்கும் இதே தந்திரம், அங்கே வேதிப்பொருளுக்குச் சிவந்த நிறம். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்துதான் நாம் பார்க்கும் டீ நிறம். எங்கும் ஒரே அளவு திருட்டு என்றால் அதைக் கணக்கில் எழுதிக் கழித்துவிடலாம் அல்லவா? பிரிண்ட் போடும் பேப்பரை அந்தக் கழிவை மனதில் வைத்தே தயாரித்தார்கள்.

கேமரா சென்சாருக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

1972-இல் வந்த சி-41 முறையில் கழுவும் ஃபிலிம்களில், ஒன்றும் பதியாத வெறும் ஓரத்தின் அடர்த்தி சிவப்பில் ஏறக்குறைய 0.2, பச்சையில் 0.6, நீலத்தில் 0.9 என்று இருக்கும். அடர்த்தி என்பது ஒளியை எவ்வளவு மறிக்கிறது என்பதற்கான பத்தடிமான மடக்கைக் (லாக்) கணக்கு. ஒளியாகச் சொன்னால் சிவப்பில் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேல் கடந்து வரும், பச்சையில் கால்வாசி, நீலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே நெகட்டிவைப் படமெடுக்கும்போது சிவப்பு சேனல் நிறைந்து வழிகிற நேரத்தில் நீலம் அடிமட்டத்தில் கிடக்கும். பிறகு அதை இழுத்து மேலே ஏற்றினால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளி.

என் முதல் முயற்சி டேப்லெட் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் மேல் நெகட்டிவை வைத்துக் கேமராவால் எடுத்தது. திரையின் பிக்ஸல் வலை பாட்டி முகத்தில் கொசுவலை மாதிரி விழுந்தது. அப்புறம் வீடியோ எடுப்பவர்கள் வைத்திருக்கும் தரமான எல்.இ.டி பலகை ஒன்றை இரவல் வாங்கி, மேலே பால் நிற அக்ரிலிக் போட்டு, இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு ஃபிலிமைப் பிடித்தேன். சாதாரண வெள்ளை எல்.இ.டி.யில் ஆழ்ந்த சிவப்பு வறுமை. கலர் நெகட்டிவின் சயான் சாயம் வேலை செய்வதோ அந்த ஆழ்ந்த சிவப்பில்தான். அதனால் இதில் ஊறியவர்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி எல்.இ.டி.க்களை எரியவிட்டுப் படமெடுக்கிறார்கள். எனக்கு நேரமும் இல்லை, சால்டரிங் கையும் இல்லை. இருக்கிற வெள்ளையில் எடுத்தேன்.

எடுக்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்: ஒவ்வொரு பிரேமோடும் படத்தைச் சுற்றியுள்ள வெறும் ஃபிலிம் ஓரம் கொஞ்சம் தெரிய வேண்டும். ஸ்டுடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்தால் அந்த ஓரத்தை அழகாக வெட்டிவிட்டுத்தான் தருவார்கள். அந்த ஓரம்தான் சாவி. ஒளியே படாத இடம் அது, அதன் நிறம்தான் அந்த டீத் திரையின் நிறம். படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அந்த ஓரத்தின் மதிப்பால் வகுத்துவிட்டால் டீ நிறம் கழன்று விழும். கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். ஒளி சாயத்துக்குள் போகும்போது பங்கு பங்காகக் குறைகிறது, ரூபாய் ரூபாயாகக் குறைவதில்லை. ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1890-இலேயே ஃபிலிமின் குணத்தை மடக்கையில் வரைந்து காட்டிவிட்டார்கள். நாம் இன்னும் ஃபோட்டோஷாப்பில் ‘இன்வர்ட்’ அமுக்கி, ஸ்லைடரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறோம்.

வகுத்தலும் மடக்கையும் கையால் செய்ய வேண்டியதில்லை. டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில், 2020-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து ‘நெகடாக்டர்’ என்று ஒரு கருவி இருக்கிறது. சினிமா நெகட்டிவை ஸ்கேன் செய்வதற்காகக் கோடக் உருவாக்கிய சினியான் முறையின் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. ஓரத்தைத் தொட்டுக் காட்டினால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொண்டது. டீ நிறம் போயிற்று. செம்பட்டை போகவில்லை.

முடியைக் கறுப்பாக்கச் சிவப்பைக் குறைத்தால் தாத்தாவின் வேட்டி இன்னும் பாசி பிடித்தது. வேட்டியை வெளுக்கச் சிவப்பைக் கூட்டினால் முடி தீப்பிடித்தது. ஓட்டு வீட்டில் மழைக்கால ஒழுகல் மாதிரி, இங்கே அடைத்தால் அங்கே. இரவு ஒரு மணிக்கு, சென்னையில் சினிமாவுக்குக் கணினியில் நிறம் சரிசெய்யும் ஒரு டி.ஐ கூடத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனுக்கு இரண்டு படத்தையும் அனுப்பினேன். அவன் தூங்காத ஜாதி.

“அண்ணே, நீங்க மூணு சேனலையும் ஒரே ஏணில ஏத்தறீங்க. சிவப்பு ஏணில படியெல்லாம் தேஞ்சிருக்கு. எவ்ளோ தூக்கி வெச்சாலும் உச்சி எட்டாது. ஏணியை நகர்த்தாதீங்க, நீட்டுங்க.”

அவன் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதம் இது. நெகட்டிவில் வெளிச்சமான இடங்கள்தான் அடர்த்தியானவை. வேட்டி இருக்கும் இடத்தில் சயான் நிறைய, முடி இருக்கும் இடத்தில் கொஞ்சம். சாயம் வெளுக்கும்போது நிறைய இருந்த இடத்தில் நிறையக் குறைகிறது, கொஞ்சம் இருந்த இடத்தில் கொஞ்சமாகக் குறைகிறது. சேதம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் ஒரு தள்ளு தள்ளிச் சரிசெய்துவிடலாம். இங்கே நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் சரிவே படுத்துவிட்டது. பாசிட்டிவில் சிவப்பு சேனல் உச்சத்தை எட்டாது, வேட்டி பச்சை நீலமாகும். அதை ஈடுகட்ட மொத்தச் சிவப்பையும் தூக்கினால் கறுப்பாக இருக்க வேண்டியதும் சிவக்கும். முப்பத்தைந்து வருட வெக்கை இதைச் செய்யும். லேபில் தேய்ந்த மருந்தில் கழுவினாலும் இதே மாதிரி வரும்.

தியேட்டர் பிரதி போட்ட காலத்தில் லேபில் கிரேடிங், அதாவது நிறத்தைச் சரிபண்ணும் வேலை, செய்தவர்களிடம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 50 வரை புள்ளி. ஒரு புள்ளி என்றால் மடக்கைக் கணக்கில் 0.025, பன்னிரண்டு புள்ளி ஏற்றினால் ஒளி இரு மடங்கு. அற்புதமான கருவி, ஆனால் அதனால் தள்ளத்தான் முடியும், நீட்ட முடியாது. எழுபதுகளின் ஈஸ்ட்மென் கலர் படங்கள் சில, தூர்தர்ஷன் ஞாயிறு மாலைகளில் ஒரே ரோஜாப்பூக் கலராக ஓடியது நினைவிருக்கும். சாயம் சரிந்த பிரதியை விளக்கை மட்டும் திருகி மீட்க வழியில்லை. கணினியில் ஒவ்வொரு சேனலுக்கும் எவ்வளவு நீட்டுவது என்று தனித்தனி எண் கொடுக்கலாம். பச்சையை 1 என்று வைத்துக்கொண்டேன். சிவப்பை 1.1 என்றேன், 1.15 என்றேன், 1.2-க்குப் பக்கத்தில் வந்தபோது முடியும் வேட்டியும் ஒரே நேரத்தில் நிறம் மாறின. முடி கறுத்தது, வேட்டி வெளுத்தது. சத்தியமாக நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நீலத்துக்கும் சின்ன நீட்டல் தேவைப்பட்டது, 1.06.

அத்தைக்குச் செம்பட்டை என்று சொல்லத் தெரிந்தது. எனக்கு அதைக் ‘கலர் காஸ்ட்’ என்று தப்பாகப் பெயர் வைக்கத் தெரிந்தது. ஒரு நிறம் படம் முழுக்கப் படர்ந்திருந்தால்தான் காஸ்ட். கறுப்பில் ஒரு நிறமும் வெள்ளையில் அதற்கு எதிர் நிறமும் தெரிந்தால் நோய் வேறு, மருந்து வேறு. பழைய நெகட்டிவோடு மல்லுக்கட்டும் யாரிடமும் நான் சொல்வது இதுதான்: தோலைப் பார்க்காதே, முதலில் முடியைப் பார், அப்புறம் வேட்டியைப் பார்.

வேட்டி என்று சொன்னேனே, அதிலும் ஒரு பொறி இருக்கிறது.

சரிவைச் சரிசெய்தபின் எது நிறமற்ற சாம்பல் என்று மென்பொருளுக்கு ஓரிடம் காட்ட வேண்டும். வெள்ளை வேட்டியை விட வேறு என்ன வேண்டும் என்று தாத்தாவின் வேட்டியைத் தொட்டேன். பந்தல் முழுக்க மஞ்சள் காமாலை கண்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் பாட்டி நினைவுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை கிணற்றடியில், கடைசி அலசலுக்கு அலுமினிய அண்டாவில் நீலம் கரைத்து, வேட்டியை ஒரு முக்கு முக்கிப் பிழிந்து கொடியில் போடுவாள். தாத்தாவின் வேட்டி வெள்ளையே இல்லை, மிக மெல்லிய நீலம். பழுப்பை மறைக்க நீலம் போட்டுப் போட்டு நம் கண்ணுக்கு அதுதான் வெள்ளை என்று பழகியிருக்கிறது. அந்த நீலத்தைச் சாம்பல் என்று மென்பொருளிடம் சொன்னால், அது மொத்தப் படத்திலிருந்தும் நீலத்தை உறிஞ்சிவிடும். சோப்புத் தூளில் வரும் வெளுப்புப் பொருட்கள் இன்னும் மோசம், வெயிலின் புற ஊதாவை வாங்கி நீலமாக ஒளிரும்.

வேறு என்ன இருக்கிறது? எவர்சில்வர் குடம் ஒன்று தெரிந்தது. அது நிறமற்றதுதான், ஆனால் எதிரே இருக்கும் வாழைமரத்தைத்தான் காட்டும். கோலம் பாதி காலில் மிதிபட்டுச் செம்மண்ணோடு கலந்திருந்தது. மாமாவின் பட்டு வேட்டி சந்தன நிறம். படத்தை நானூறு சதவீதம் பெரிதாக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கடைசியில் தாத்தாவின் நெற்றிக்கு வந்து நின்றேன்.

திருநீறு. சாணத்தைச் சுட்ட சாம்பல். நீலம் போடாதது, பளபளக்காதது, எதிரில் இருப்பதைக் காட்டாதது. நிறம் சரிபார்க்கக் கடையில் காசு கொடுத்து வாங்கும் கிரே கார்டு என்ற சாம்பல் அட்டைக்கு என்ன இலக்கணமோ அது அத்தனையும் பொருந்துகிறது. தாத்தா குழைத்துப் பூசுகிறவர். மூன்று பட்டையில் நடுப் பட்டையின் இடது ஓரத்தில், விரல் அழுத்தி எடுத்த இடத்தில், கனமாகத் திரண்டிருந்தது. மற்ற இடங்களில் மெலிந்து, கீழே இருக்கும் தோல் நிறம் கலந்துவிட்டது. அந்தத் திரளில் ஐந்துக்கு ஐந்து பிக்ஸல் சதுரம் வைத்துச் சராசரி எடுத்தேன். பந்தல் திறந்துகொண்டது. வாழையிலை வாழையிலையாயிற்று, சம்பங்கி சம்பங்கியாயிற்று. வேட்டியில் பாட்டி போட்ட நீலம் மெல்லிசாக, அப்படியே தெரிந்தது.

எல்லாப் படத்திலும் தாத்தா இல்லை. வரவேற்பு ராத்திரியில் எடுத்தவை வீடியோக்காரரின் ஹாலஜன் விளக்கில் எடுத்தவை. பகல் வெளிச்சத்துக்கான ஃபிலிமில் அந்த மஞ்சள் விளக்கு பட்டால் நீல அடுக்குக்குப் போதிய தீனி கிடைக்காது. நிழல்களில் நீலம் பதியவே இல்லை. பதியாததை எந்த மென்பொருளும் கொண்டுவர முடியாது. முழுதாக வெளுக்கப் பார்த்தால் நிழல் முழுக்க நீலப் புள்ளி கொதிக்கும். பாதி வழியில் நிறுத்தினேன். ராத்திரிக் கல்யாண வீடு கொஞ்சம் மஞ்சளாக இருந்தால் என்ன?

‘ஆட்டோ’ பொத்தானுக்குப் படத்தில் உள்ள நிறங்களையெல்லாம் கலக்கினால் சாம்பல் வரும் என்பதுதான் பெரும்பாலும் நம்பிக்கை. எங்கள் ஊர்க் கல்யாணத்தைக் கலக்கினால் சாம்பல் எப்படி வரும்? மஞ்சள் கயிறு, மஞ்சள் அரிசி, குங்குமம், ஹோமத்தீ, தேங்காய் மேல் அப்பிய மஞ்சள். தாலி கட்டும் படத்தில் ஆட்டோ அமுக்கியபோது அத்தனை மஞ்சளையும் நோய் என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கொட்டிற்று. ஹோமப் புகை ஊதா. மாமாவின் விரல்கள் குளிரில் விறைத்தவர் விரல் மாதிரி.

இடையில் ஒரு பாவமும் செய்தேன். கல்யாண உறை அல்ல, அதற்கு அடியில் இருந்த அப்பாவின் உறை. ஒரு துண்டில் பூஞ்சை, சிலந்தி வலை மாதிரி படர்ந்திருந்தது. கலர் ஃபிலிமில் தூசும் கீறலும் இருந்தால் அகச்சிவப்புக் கதிர் வைத்த ஸ்கேனர் கண்டுபிடித்து நீக்கும். சாயம் அகச்சிவப்பை விட்டுவிடும், தூசி மறிக்கும், அவ்வளவுதான் ரகசியம். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள், அதுவும் மறிக்கும். அங்கே இந்த வித்தை செல்லாது. பூஞ்சை இரண்டிலும் சேராதது, ஜெலட்டினையே தின்கிறது. நான் புத்திசாலித்தனமாக, ஒரு தட்டில் தண்ணீர் விட்டு ஒரு சொட்டு ஷாம்பூ போட்டு அலசினேன். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் என்று அப்புறம்தான் படித்தேன். கொள்ளிடக் கரையில் அப்பாவும் நண்பர்களும் நின்ற படம். வலது ஓரத்தில் நின்ற இருவர் கூழாகி, தட்டில் மிதந்தார்கள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பூஞ்சை பிடித்த ஃபிலிமில் தண்ணீர் படக்கூடாது. காய்ந்த நிலையில் ஸ்கேன் செய்துவிட்டு, மிச்சத்தைத் திரையில் பாருங்கள்.

கூறைப்புடவைக்கு வருகிறேன். படத்தில் அது செங்கல் நிறத்தில் வந்தது. அத்தை அரக்கு என்றாள். அம்மா குங்குமச் சிவப்பு என்று சாதித்தாள். அத்தை மகள், “மெரூன்தானே?” என்றாள். ஒரு சனிக்கிழமை மாயவரம் போனேன். அத்தை பீரோவின் அடித்தட்டிலிருந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிய புடவையை எடுத்து வந்தாள்.

“தொடுறதுக்கு முன்னாடி கையை அலம்பிட்டு வா.”

மடிப்பு விழுந்த கோட்டில் வெளுத்து, நூல் பிரிந்து கிடந்தது. மடிப்புக்கு உள்ளே காற்றும் வெளிச்சமும் படாத இடத்தில்தான் அசல் இருக்கும் என்று நான்காம் மடிப்பைத் திறந்தோம். காலை பத்து மணி, வடக்குப் பார்த்த தாழ்வாரம், நேர் வெயில் இல்லை. அரக்குதான். அத்தைதான் சரி. ஆனால் மடிக்கணினியில் இருந்த படத்தைப் பக்கத்தில் வைத்தால் படத்தில் இருந்தது வேறு சிவப்பு. கண் பார்க்கும் சிவப்பும் ஃபிலிம் பார்க்கும் சிவப்பும் ஒன்றில்லை. கண்ணுக்குத் தெரியாத கடைக்கோடிச் சிவப்பிலும் ஃபிலிமுக்குக் கொஞ்சம் பார்வை உண்டு, சாயம் அங்கே எதிரொளித்தால் அதுவும் பதியும். புடவையை மட்டும் தனியாகத் தெரிவு செய்து, நீலத்தின் பக்கம் ஒரு சின்னத் தட்டு தட்டினேன். இது கரெக்‌ஷன் இல்லை, சாட்சியின் பேரில் செய்த திருத்தம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கோப்பின் குறிப்பிலும் அப்படியே எழுதி வைத்தேன்.

வரவேற்புப் புடவை மயில்கழுத்து. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். நேராகப் பார்த்தால் நீலம், சாய்த்தால் பச்சை, இன்னும் சாய்த்தால் ஊதா. அதில் எது சரி என்று யாரிடம் கேட்பது? அதைத் தொடவில்லை.

சரிவும் திரையும் திருநீறும் புடவையும் முடிந்தபின், கடைசியாகத்தான் முகங்களைப் பார்த்தேன். ஐந்து நாட்கள் வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தேன். பாட்டி நல்ல கறுப்பு. நினைவில் அப்படித்தான். ஆனால் வீட்டில் இருக்கும் எந்தப் பிரிண்டிலும் அவள் கறுப்பில்லை. பிரிண்ட் போடும் மினி லேபில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சயான், மஜெண்டா, மஞ்சள், அடர்த்தி என்று நான்கு வரிசைப் பொத்தான்கள் இருக்கும். கல்யாண ஆல்பம் என்றால் அடர்த்தியில் இரண்டு தட்டுக் குறைத்துப் போடுவது வழக்கம் என்று அந்தத் தொழிலில் இருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லாரும் சிவப்பாகத் தெரிவார்கள், ஆர்டர் திரும்பி வராது. கோடக் லேப்களுக்கு அனுப்பிய ‘ஷர்லி கார்டு’ என்ற மாதிரிப் படத்திலும் பல வருடம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அளவுகோலே அங்கிருந்து வந்தது.

அந்த இரண்டு தட்டில் பந்தல் துணியும் போயிற்று. ஆல்பத்துப் படத்தில் தலைக்கு மேலே வெறும் வெள்ளைதான். நெகட்டிவில் துணிக்கு மேல் கிடந்த தென்னங்கீற்றின் நிழல் கோடு கோடாக விழுந்திருக்கிறது, கயிறு கட்டிய இடத்தில் துணி சுருங்கியிருக்கிறது, ஒரு ஓரத்தில் யாரோ செருகிய மாவிலை. கலர் நெகட்டிவ் வெளிச்சத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும். பிரிண்டில் போடத்தான் இடம் கிடையாது. பாட்டியின் நெற்றி வியர்வையும் நெகட்டிவில்தான் இருந்தது. கறுப்புத் தோலில் விழுந்த வெளிச்சத்துக்கு என்ன பளபளப்பு! பிரிண்டில் அந்த இடம் பவுடர் பூசியதுபோல் தட்டை.

ஆறு படத்தையும் முடித்து, பன்னிரண்டுக்குப் பதினெட்டில் சோதனைப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முடியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். புடவையை விரலால் தொட்டாள். பாட்டியிடம் வெகு நேரம் நின்றாள். அப்புறம் தன் முகத்துக்கு வந்தாள்.

“நான் இவ்ளோ கறுப்பாவா இருந்தேன்?”

“இதான் அத்தை நெகட்டிவ்ல இருக்கு. பாட்டி கலர்தானே நீங்க.”

“அது சரிடா. மண்டபத்து வாசல்ல சம்பந்தி வீட்டுக்காரங்கல்லாம் வந்து பாப்பாங்க. ஆல்பத்துல இருக்கற மாதிரி கொஞ்சம் தூக்கிக் குடு.”

திரையைப் பற்றி, சரிவைப் பற்றி, ஷர்லி பற்றி எல்லாம் சொல்ல வாய் வந்தது. முகம் அவளுடையது. மாமா நடுவில் புகுந்து, “இருக்கட்டுமே, நல்லாத்தானே இருக்கா” என்றார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

ராத்திரி உட்கார்ந்து அடர்த்தியில் இரண்டு தட்டுக் குறைத்தேன். பந்தல் துணியில் கீற்று நிழல் மறைந்தது. பாட்டியை மட்டும் தனியாக முகமூடி வெட்டி, அவளைத் தொடாமல் விட்டேன். அத்தை அதைக் கவனித்தாளா தெரியாது, ஒன்றும் சொல்லவில்லை. மண்டபத்து வாசலில் அதுதான் இருந்தது. என் வட்டில் இரண்டு கோப்பு இருக்கின்றன. ஒன்றின் பெயர் ‘அத்தை-கல்யாணம்’. இன்னொன்றின் பெயர் ‘அத்தை-கல்யாணம்-அத்தை-கேட்டது’. ஸ்கேன் செய்த மூலம், டீ நிறத்தோடும் ஓரத்தோடும், மூன்றாவதாக ஒரு தனி வட்டில்.

மணிவிழாவுக்கு மறுநாள் அத்தை கூப்பிட்டாள். அந்த முதல் பிரிண்டை, கறுப்பாக இருப்பதை, தூக்கிப்போட்டுவிட்டேனா என்று கேட்டாள். இல்லை, இருக்கிறது என்றேன்.

“அப்படின்னா குடுத்துட்டுப் போ. பீரோல வெச்சுக்கறேன்.”